சுவரில் எழுதிய மாலுமி



சுந்தரபாண்டியத்தில் தறிச்சத்தத்துக்கு நடுவே வரலாறு நடத்தியவன் நான். 1946 கடற்படை எழுச்சியை அன்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்தக் கடனை இன்று தீர்க்கிறேன்.

பி.சி.தத், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படையில் தந்திப் பணி செய்தவர். பம்பாய் 'தல்வார்' பயிற்சித் தளத்தின் சுவரில் 'வெள்ளையனே வெளியேறு' என்று எழுதியதற்காகக் கைதானார். 1946 பிப்ரவரி 18 அன்று அங்கிருந்த மாலுமிகள் மோசமான சாப்பாட்டைத் தொடாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 பேருக்கும் பரவியது. ஆங்கிலேயர் உணவை நிறுத்தியபோது பம்பாய் மக்கள் கூடை கூடையாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் காசு வாங்கவில்லை. பசித்தவன் யார், என்ன மதம் என்று எவரும் கேட்கவில்லை.

படேல் கேட்டுக்கொண்டதால் 23ஆம் தேதி சரணடைந்தார்கள். பழிவாங்க மாட்டார்கள் என்று நம்பித்தான் இறங்கினார்கள். ஆனாலும் 476 பேர் வேலை இழந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் கடற்படை அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை. தத் பத்திரிகை வேலைக்குப் போனார். 1971இல் தன் அனுபவத்தை நூலாக எழுதினார்.

எழுதாமல் போனவர்கள்தான் அதிகம். உங்கள் தெருவில் முன்னாள் கடற்படை வீரர் யாராவது கடை வைத்திருந்தால், ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்