பழுதும் ஒரு சுவடி

எழுத்துப் பிழையை ஆராய்வதற்கென்றே அறபு மொழியில் தனி நூல்கள் உண்டு. புள்ளி பிறழ்வதால் சொல் திரிவதைத் ‘தஸ்ஹீஃப்’ என்பர். கி.பி. 10-ஆம் நூற்றாண்டிலேயே அபூ அஹ்மத் அல்-அஸ்கரீ இதுபற்றி விரிவான நூலொன்று யாத்துள்ளார். பிழையைக் கண்டால் களைந்தே பழகிய நமக்கு, பிழையை வேண்டுமென்றே உண்டாக்கி, அதனைக் கலையென்று காட்சிக்கு வைப்போரும் உளர் எனக் கேள்வியுற்றபோது நகைப்பே தோன்றியது. அதன் வரலாற்றைப் படித்தபின் நகைப்பு அடங்கிற்று.

1963 மார்ச்சில் மேற்கு ஜெர்மனியின் வுப்பர்தால் நகரில், ‘பர்னாஸ்’ என்னும் கலைக்கூடத்தில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றை மாற்றியமைத்துப் பரப்பி வைத்தார் ஓர் இளைஞர். கொரியாவிற் பிறந்து, இசை பயில ஜெர்மனி சென்ற நாம்-ஜுன் பேக் என்பார் அவர். கொண்டுவரும் வழியில் ஒரு பெட்டி பழுதுற்றது. படம் முழுதும் சுருங்கி ஒரே கோடாயிற்று. வேறொருவராயின் அதனைப் பழுது பார்ப்பவரிடம் அனுப்பியிருப்பார். பேக் அதனைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, கோடு செங்குத்தாக நிற்குமாறு அப்படியே காட்சிக்கு வைத்துவிட்டார்! 1965-இல் பெட்டியொன்றின் தலைமீது பெரியதொரு லாடக் காந்தத்தை ஏற்றினார். படக்குழாயினுள் பாயும் மின்னணுக் கற்றையைக் காந்தம் வளைத்தது. நிலையத்தார் அனுப்பிய படம் மறைந்து, மலரிதழ் போன்ற ஒளிக்கோலம் விரிந்தது.

மின்னோட்டத்தில் திடீரென நேரும் ஏற்றத்தை விண்வெளிப் பொறியாளர் ‘கிளிட்ச்’ என்பர் என்று ஜான் கிளென் 1962-இல் எழுதினார். பிற்காலத்தில் இக்கலைக்கு அதுவே பெயராயிற்று. டச்சுக் கலைஞர் ரோசா மெங்க்மன் 2010-இல் தம் உருவப்படம் ஒன்றையே கணினியின் பல்வேறு கோப்பு வடிவங்களிற் சேமித்து, ஒவ்வொன்றையும் சிதைத்துக் காட்டினார். ஒன்று கட்டங்கட்டமாய் உடைந்தது. மற்றொன்று வரிவரியாய் விலகிற்று. ஒவ்வொரு வடிவத்துக்கும் அதற்கே உரிய பழுது உண்டென்பது புலனாயிற்று. ஓலையைச் செல்லரிப்பதும், தாளை மையரிப்பதும் ஒன்றா என்ன?

இங்கேதான் இடர் தொடங்குகிறது. கருவி வழக்கொழிந்தால் அதன் பழுதும் உடன் மறைகிறது. பேக் 1988-இல் 1003 பெட்டிகளை அடுக்கிக் கொரியாவின் குவாச்சோன் அருங்காட்சியகத்தில் எழுப்பிய கோபுரம், பெட்டிகள் மூப்படைந்தமையால் 2018-இல் அணைக்கப்பட்டது. 2022-இல் மீண்டும் ஒளிர்ந்தபோது 737 பெட்டிகள் செப்பனிடப்பட்டிருந்தன. எஞ்சிய 266-இல் புதிய தட்டைத் திரைகள் பொருத்தப்பட்டிருந்தன. கோபுரத்துக்கு அது போதும். படம் தெரிந்தாற் சரி. காந்தம் ஏற்றிய பெட்டிக்கோ அவ்வழியும் இல்லை. தட்டைத் திரையில் வளைவதற்கு மின்னணுக் கற்றையே கிடையாது. எவ்வளவு பெரிய காந்தத்தை அதன்மேல் வைத்தாலும் அம்மலர் விரியாது.