‘டாப்பெஸ்ட்ரி’: தன் குரல் என்பது யாருடைய குரல்?

1971 பிப்ரவரியில் வெளிவந்த கேரோல் கிங்கின் இரண்டாவது தனி இசைத்தொகுப்பு ‘டாப்பெஸ்ட்ரி’. ஒரு பெண் தன் வாழ்வைத் தானே எழுதித் தானே பாடிய ஆவணமாகவே அது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அட்டைப்படமும் இவ்வாசிப்புக்குத் துணைநிற்கிறது: லாஸ் ஏஞ்சல்ஸின் லாரல் கேன்யனில் உள்ள வீட்டின் சன்னலோரத்தில் வெறுங்காலுடன் அமர்ந்திருக்கிறார் அவர், முன்னால் ஒரு பூனை. ஆயினும், அதிலுள்ள 12 பாடல்களையும் எழுதியவர்கள் யார் என்று பார்த்தால், இவ்வாசிப்பு போதாது என்பது புலப்படும்.

1942இல் நியூயார்க்கில் பிறந்த கிங், 17 வயதில் ஜெரி காஃபினை மணந்தார். காஃபின் சொற்களை எழுத, கிங் மெட்டமைத்தார். இருவரும் ஆல்டன் மியூசிக் நிறுவனத்தின் ஊதியப் பணியாளர்கள். பிராட்வேயில் 1650ஆம் எண் கட்டடத்தின் சிற்றறைகளில், அறைக்கொரு பியானோவுடன், பிறர் பாடுவதற்கான பாடல்கள் நாள்தோறும் உருவாயின. அது ஒரு தொழிற்கூடம். பதின்பருவத்தினரின் ஏக்கம் அங்கே உற்பத்திப் பொருள்.

1968இல் மணமுறிவு. இரு மகள்களுடன் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த கிங், 1970இல் முதல் தனித்தொகுப்பை வெளியிட்டார். அதன் பெயர் ‘ரைட்டர்’, அதாவது எழுதுபவர். பாடகர் என்று தன்னை அறிவித்துக்கொள்ள அவர் இன்னும் தயங்கினார் என்றே அப்பெயர் எண்ணத் தூண்டுகிறது. விற்பனை பெரிதாக இல்லை.

இரண்டாவது தொகுப்பின் தயாரிப்பாளர் லூ ஆட்லர், பிற பாடகர்களுக்குக் காட்டுவதற்காகக் கிங் பியானோவில் பாடிவைத்த மாதிரிப் பதிவுகளின் எளிமையைக் காக்க விரும்பினார். இவ்வாறு, தொழிற்கூடத்தில் இடைநிலைப் பொருளாக இருந்த மாதிரிப் பதிவே கலைவடிவமாயிற்று. கேட்போர் ‘நேர்மை’ என்று உணர்ந்த அந்த ஓசையின் வேர் தொழில் மரபில் இருந்தது.

பன்னிரண்டில் ஏழு பாடல்களே கிங் தனித்து எழுதியவை. மூன்றில் முன்னாள் கணவர் காஃபினின் பங்கு உண்டு. இரண்டின் சொற்கள் டோனி ஸ்டெர்னுடையவை. பிரிவின் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ளப்படும் ‘இட்ஸ் டூ லேட்’ பாடலின் வரிகளும் ஸ்டெர்ன் எழுதியவையே. அப்பாடலில் பேசும் ‘நான்’ கிங் அல்லர். ஆனால் அவர் பாடியதும் அது அவருடையதாயிற்று.

பழைய பாடல்கள் இரண்டு இதை மேலும் சிக்கலாக்குகின்றன. ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ பாடலை 1960இல் முதலில் பாடியவர்கள் ஷிரெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்கள் குழுவினர். 1961 தொடக்கத்தில் அது அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. ‘எ நேச்சுரல் வுமன்’ 1967இல் அரீதா ஃபிராங்க்ளினின் குரலில் உயிர்பெற்றது. முதற்பாடலில் ஓர் இளம்பெண்ணின் அச்சமாக இருந்தது, மணமுறிவு கண்ட தாயொருவர் வேகம் குறைத்துப் பாடுகையில் பட்டறிவின் ஐயமாகிறது. சொற்கள் மாறவில்லை, பாடுபவரின் வயது அவற்றின் பொருளை மாற்றிவிட்டது. எனினும், ‘ஆசிரியர் தன் பாடல்களை மீட்டுக்கொண்டார்’ என்று இதனைச் சுருக்கினால், அப்பாடல்களுக்கு முதலில் பொருள் தந்த கறுப்பினப் பெண்களின் உழைப்பு மறைந்துபோகிறது.

‘டாப்பெஸ்ட்ரி’ 15 வாரங்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் வகித்தது. 1972இல் நான்கு கிராமி விருதுகள் கிடைத்தன. ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருதைப் பெற்ற முதல் பெண் கிங்தான். அவ்விருதுக்குரிய ‘யூ ஹேவ் காட் எ ஃபிரெண்ட்’ பாடலை 1971இல் முதலிடத்துக்குக் கொண்டுசென்றதோ ஜேம்ஸ் டெய்லரின் குரல்.

‘எழுதிப் பாடுபவர்’ என்ற வகைமையை அகவாழ்வின் வெளிப்பாடாக மட்டும் காண்பது வரலாற்றைக் குறுக்கும். அது உழைப்புப் பிரிவினை மாறிய கதையும்கூட. தொகுப்பின் பெயருக்குப் பொருள் சித்திரத் திரைச்சீலை. அதன் ஊடும் பாவும் பலர் கை நூல்கள் என்பதை ஏற்பதால் கிங்கின் பெருமை குறையாது. நெசவு எத்தகையது என்பது அப்போதுதான் விளங்கும்.