எதை எண்ணுவது?

பொறியாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: அளக்கச் சுலபமானதைத்தான் முதலில் அளப்போம். 2001இல் தொடங்கிய விக்கிப்பீடியாவிலும் அதுதான் நடந்தது. எந்த மொழி நல்லா வளர்கிறது என்பதைக் கட்டுரை எண்ணிக்கையை வைத்தே வரிசைப்படுத்தினார்கள்.

2007இல் அந்த வரிசை சிரிப்புக்கிடமானது. மிகச் சிலரே அறிந்த செயற்கை மொழியான வோலபூக் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. பெரும்பாலானவை ஒரே ஆர்வலரின் நிரல் உருவாக்கியவை. பிறகு பிலிப்பைன்ஸின் செபுவானோ மொழி வந்தது. ஸ்வீடன்காரர் ஸ்வெர்க்கர் யோஹான்சனின் நிரல் ஊர்கள், உயிரினங்கள் என்று எழுதித் தள்ள, அது 50 லட்சத்தைக் கடந்து ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்தது. கடை நிறைய சரக்கு இருக்கு, ஆளைத்தான் காணோம்.

அப்படின்னா ஆட்களை எண்ணணும். மாதம் ஐந்து திருத்தமாவது செய்பவர்களை எண்ணினால் வேறு கதை தெரிகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் சுமார் 51,000 பேர் இருந்தார்கள். 2013இல் சுமார் 31,000 பேர்தான். கட்டுரைகளோ கூடிக்கொண்டே போயின.

ஆரன் ஹாஃபேக்கரும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒரு காரணத்தைச் சொன்னது. விஷமத்தைத் தடுக்க வந்த தானியங்கிக் கருவிகள், நல்ல எண்ணத்தோடு எழுதிய புதியவர்களின் திருத்தங்களையும் நீக்கின. முதல் முயற்சியே அடிபட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. பெருமைப்படலாம். கூடவே இதையும் கேட்டு வைப்போம்: போன மாதம் முதன்முதலா எழுதியவர் இந்த மாதமும் வந்தாரா?