கரமனை வீடும் 21 எண்களும்

பேங்க்காரனுக்கு எதற்கு பூகம்பம் என்று கேட்பீர்கள். காரணம் என் பாட்டி.

2000 டிசம்பர் 12 அன்று கோட்டயம் ஜில்லா ஈராட்டுப்பேட்டை பக்கம் பூமி குலுங்கியது. ரிக்டரில் சுமார் 5. நான் அப்போது திருவனந்தபுரம் கரமனையில் பி.காம். மாணவன். அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். "நம்மாத்துச் சுவர் தாங்குமாடா?" என்று பாட்டி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைகளில் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கதையின் முக்கியமான பக்கம் நம் நாட்டில்தான். 1897 ஜூன் 12, அஸ்ஸாம் பெரும் பூகம்பம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர்.டி. ஓல்டம் அதன் பதிவுகளை ஆராய்ந்து, மூன்று வகை அலைகளைப் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது நெருக்கி விரிக்கும் 'பி' அலை. அடுத்தது பக்கவாட்டில் உலுக்கும் 'எஸ்' அலை. கடைசியில் தரையோடு ஓடும் அலை.

இனிமேல்தான் சிக்கல். விறகு பிளந்தவர்களுக்குத் தெரியும், நார் வாக்கில் கோடாலி சுலபமாக இறங்கும், குறுக்கே இறங்காது. பாறையும் அப்படித்தான். திருவனந்தபுரம் பகுதியின் கொண்டலைட் பாறை வரி வரியாக இருக்கும். அப்படிப்பட்ட பாறையில் வரியோடு போகும் அலை பொதுவாக வேகம், குறுக்கே போவது மெதுவு. எஸ் அலை இரண்டாகப் பிரிந்து ஒன்று முந்தும். கடலடியில் திசைக்குத் திசை வேகம் மாறுவதை 1964-ல் ஹாரி ஹெஸ் எடுத்துக் காட்டினார்.

எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான பாறையின் மீள்தன்மையைச் சொல்ல 2 எண்கள் போதும். திசைக்குத் திசை மாறினால் 21 வரை வேண்டும். 1830-களிலேயே ஜார்ஜ் கிரீன் சொன்னது இது. பேப்பரில் போட்டுத் தீராத கணக்கு. கம்ப்யூட்டர் வந்தபின் 1976-ல் மதரியாகா, 1986-ல் விரியூ ஆகியோர் காட்டிய வழி, நம் லெட்ஜர் மாதிரியே இருக்கிறது. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் வேகம், அழுத்தம் என்று எழுது. இந்த நொடித்துளியின் முடிவிருப்பு, அடுத்த துளியின் ஆரம்ப இருப்பு. ஒரே நிபந்தனை: துளி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அதுவும் அலை எந்தத் திசையில் அதிக வேகமோ, அதை வைத்துத்தான் அளவு. ஏமாந்தால் எண்கள் கண்டபடி பெருகிக் கணக்கே பாழ்.

பூகம்பம் என்றைக்கு வரும் என்று இது சொல்லாது. வந்தால் எங்கே எப்படி ஆடும் என்று சொல்லும், நாம் கொடுக்கும் எண்கள் சரியாக இருந்தால்.

பாட்டி இப்போது இல்லை. தம்பி மாடி எடுக்கப் போகிறானாம். கடனுக்குப் பத்திரமும் வில்லங்கமும் பார்ப்பார்கள். சுவரையும் அடிமண்ணையும் நீதான் எஞ்சினியரிடம் காட்ட வேண்டும் என்றேன். ஊரில் பழைய வீடு வைத்திருக்கும் உங்களுக்கும் அதேதான்.