போடியாரின் சுருட்டும் வாப்பாவின் பீடியும்

எனது வாப்பா முல்லைக்காரர். தனதென்று சொல்ல ஒரு வரம்புகூட அவருக்கு இருந்ததில்லை. போடியாரின் காணியை உழுது, விதைத்து, காவல் காத்து, சூடடித்து, களத்திலே தனது பங்கு நெல்லை அளந்து வாங்கி வாழ்ந்தவர். யானையும் பன்றியும் வட்டைக்குள் இறங்கும் இரவுகளில் பரணில் விழித்திருப்பதற்கு அவருக்குப் புகைதான் துணை. வேலை நாட்களில் வெற்றிலையும் சுருட்டும் போடியார் வீட்டிலிருந்தே வரும். "காணியும் போடியார்ட, சுருட்டும் போடியார்ட, இருமல் மட்டுந்தான் என்ட" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

அக்காலத்தில் போடியாரும் புகைத்தவர்தான். 1980களின் பிற்பகுதியில் கடைக்குப் போய்வரும் சிறுவனாக இருந்த எனக்கு, யார் வீட்டுக்கு எது என்பது மனப்பாடம். கூலிக்காரருக்குப் பீடி, கொஞ்சம் கையில் காசு புழங்கினால் த்ரீ ரோசஸ், உத்தியோகத்தருக்குப் பிரிஸ்டல், போடியாருக்குக் கோல்ட் லீஃப். வகை வேறாயினும் புகை எல்லா வாசலிலும் இருந்தது.

இன்று அந்தக் காட்சி மாறிவிட்டது. ஐம்பது வயதில் நெஞ்சு வலித்ததும் போடியார் கொழும்பு வைத்தியரிடம் போனார், அன்றோடு நிறுத்தினார். ஓய்வுபெற்ற அதிபர்களும் எழுதுவினைஞர்களும் ஒவ்வொருவராக விட்டார்கள். எழுபது வயதில் இன்னும் பீடியோடு தேத்தண்ணிக் கடை வாங்கில் இருப்பவர்கள் பழைய முல்லைக்காரர்கள், வலை இழுத்தவர்கள், விறகு வெட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு பழக்கம், முதுமையிலே ஏழையிடம் மட்டும் எப்படித் தங்கியது? இக்கேள்வியே என்னை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

புகையிலை ஏழையின் பொருளாகப் பிறக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் கொண்டுவந்த இச்செடி, யாழ்ப்பாண மண்ணில் பெரும் பணப்பயிராயிற்று. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிற்று. யாழ்ப்பாண வர்த்தகரின் சுருட்டுக் கடைகள் தென்னிலங்கை நகரங்கள் வரை பரவின. பின்னர் ஆங்கிலேய அலுவலகங்களோடு சிகரெட் வந்தது. துரையின் விரலில் இருந்ததைக் கிளாக்கர் விரும்பினார். கிளாக்கரின் விரலில் இருந்ததை ஊர் இளைஞன் விரும்பினான். ஆக, பழக்கம் மேலிருந்து கீழே இறங்கியது. இதனை மனதிற் கொள்ளவேண்டும்.

விடுபடுதலும் மேலிருந்தே தொடங்கியது. அதற்குத் தெளிவான சாட்சி இங்கிலாந்தின் வரலாறு. அங்கே 1948இல் ஆண்களில் நூற்றுக்கு 65 பேர் சிகரெட் புகைத்தனர். பிரபுவுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் இடையில் அதிக வேற்றுமை இருக்கவில்லை. முதியோரின் புகையை அரசே ஒரு தேவையாகக் கருதிய காலம் அது. 1947இல் நிதியமைச்சர் ஹியூ டால்டன் புகையிலை வரியைப் பெரிதாக உயர்த்தியபோது, புகைக்கும் பழக்கமுடைய ஓய்வூதிய முதியோருக்குச் சலுகைச் சீட்டு வழங்கப்பட்டது. அச்சலுகை 1958 வரை நீடித்தது. வயோதிப ஏழைக்கு அரசு செய்த அன்பு அது என்றே அன்று கருதப்பட்டது!

அதற்கிடையில் 1950இல் ரிச்சர்ட் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் இருவரும் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1951இல் பிரித்தானிய வைத்தியர்களையே ஆய்வுக்கு எடுத்து, 34,439 ஆண் வைத்தியர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். செய்தி முதலில் எட்டியது வைத்தியர்களுக்கு. முதலில் கைவிட்டவர்களும் அவர்களே. டோல்கூடத் தனது ஆய்வின் முடிவைக் கண்டே நிறுத்தினார். 1972 அளவில் அந்நாட்டின் உயர்தொழில் ஆண்களில் புகைத்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்; பயிற்சியற்ற கூலித் தொழிலாளரில் ஐந்தில் மூவர். கால் நூற்றாண்டுக்குள் ஒரே பழக்கம் இரண்டு வகுப்புகளாகப் பிரிந்துவிட்டது.

அந்த ஆய்வின் 2004ஆம் ஆண்டு அறிக்கை சொல்லும் கணக்கு மிக எளியது. தொடர்ந்து சிகரெட் புகைத்தவர்கள் புகைக்காதவர்களிலும் பார்க்கச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். முப்பது வயதில் நிறுத்தியவருக்கு அந்தப் பத்து ஆண்டுகளும் மீண்டன; நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று.

எமது நாட்டிலும் சட்டங்கள் வந்தன. 2006ஆம் ஆண்டின் சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதைத் தடுத்தது. 2015இல் சிகரெட் பெட்டியின் 80 வீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்கள் நிரப்பின. 2016இன் பிற்பகுதியில் வரி கடுமையாக ஏறியது. இவை நல்ல காரியங்களே. இளைஞரில் பலரை இவை காத்தன. ஆயினும் ஒற்றையாக வாங்குபவன் பெட்டியைக் காண்பதில்லை. விலை ஏறியபோது எங்கள் ஊர்க் கிழவர்கள் பலர் சிகரெட்டிலிருந்து பீடிக்கு இறங்கினார்களே தவிர, புகையிலிருந்து இறங்கவில்லை. கைவிடுவதற்கு விலை மட்டும் போதாது. ஆறுதலாகப் பேச ஒரு வைத்தியர் வேண்டும், கவலையற்ற ஓர் இரவு வேண்டும், அந்த இடத்தில் வைக்க வேறொன்று வேண்டும். வாப்பாவுக்கு ஓய்வூதியம் இருக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் துண்டெழுதிக் கொடுத்த ஒரு வைத்தியர், "இந்தச் சனத்துக்குச் சொல்லி விளங்காது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆசிரியன் என்பதால் என்னைத் தன் பக்கத்து ஆள் என்று நினைத்தார் போலும்.

அவர் நினைத்ததில் தவறில்லை என்பதுதான் எனது துயரம். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் நானும் புகைக்கப் பழகினேன். 2011இல், முப்பத்தொரு வயதில், மேற்சொன்ன கணக்கை ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். பத்து ஆண்டுகள் என்ற எண் என்னை உலுக்கிற்று; ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன். அப்போது வாப்பாவுக்கு அறுபத்தொன்று. கணக்கின் கடைசி வரியையும் வாசித்தேன். 'மூன்று வருசந்தானே, இனி இவருக்கு எதற்கு' என்று எண்ணினேன். வகுப்பிலே பிள்ளைகளுக்குப் புகையின் தீமையைக் கரும்பலகையில் எழுதினேன். வீட்டிலே வாப்பாவை ஏசினேன். ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து அந்த மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்லவில்லை. ஏசியபோதெல்லாம் அவர் ஒன்றுதான் கேட்டார்: "இதயும் உட்டா ராவைக்கி என்னத்த மகன் வைச்சிக்கி இரிக்கிற?" அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பதிலைத் தேடவுமில்லை.

2018இல் இழுப்போடு மௌத்தானார். சராசரிக் கணக்கு எந்தத் தனி மனிதனுக்கும் உறுதி அல்ல என்பதை அறிவேன். எனினும் மூன்று வருடம் கூட இருந்திருந்தால், எனது மகள் ஓதி முடித்த நாளை அவர் பார்த்திருப்பார். மூன்று ஆண்டு சிறிது என்று தீர்மானிக்க நான் யார்?

இங்கிலாந்து வைத்தியர்கள் செய்ததையே நானும் செய்தேன். அறிவு வந்ததும் முதலில் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அதில் குற்றமில்லை, அதோடு நின்றதே குற்றம். இன்று மாலைகளில் அந்தத் தேத்தண்ணிக் கடை வாங்கில் நானும் போய் இருக்கிறேன். பீடியைப் பறிப்பதில்லை, ஏசுவதுமில்லை. வாப்பாவோடு பரணில் காவல் காத்த ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: "தம்பி, இந்த வயசில உட்டு என்ன வரப்போகுது?"

"மூணு வருசம் காக்கா" என்றேன். அவர் நெடுநேரம் விரல்களை மடித்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.