நேருவின் உயிலும் என் கையில் இருந்த நெய்ப்பந்தமும்

என் தாத்தா கடவுள் இல்லை என்பவர். "நான் செத்தா மந்திரம், சடங்கு ஒண்ணும் வேண்டாம்டா" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். நான் பிளஸ் டூ படிக்கும்போது இறந்தார். எல்லாம் நடந்தது. வாய்க்கரிசி, கோடி, கொள்ளி... பேரன் என்று என் கையிலும் ஒரு நெய்ப்பந்தத்தைக் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (நானும் நாத்திகன்தான், கேட்டுக்கொள்ளுங்கள்!)

சமீபத்தில் நேருவின் உயிலைப் படித்தபோது இது ஞாபகம் வந்தது. 1954 ஜூன் 21-ல் எழுதியது. தனக்கு எந்த மதச் சடங்கும் வேண்டாம், நம்பிக்கை இல்லாமல் பேருக்குச் செய்வதும் பாசாங்குதான் என்று வளைத்துப் பேச இடமே வைக்காமல் எழுதியிருக்கிறார். சாம்பலில் ஒரு கைப்பிடியை அலகாபாத்தில் கங்கையில் கரைக்க வேண்டும், பெரும்பகுதியை விமானத்திலிருந்து உழவர்கள் பாடுபடும் வயல்கள்மேல் தூவ வேண்டும். கங்கை என்றதும் மதம் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று, அது சிறுவயதிலிருந்து அந்த நதிமேல் இருந்த பாசம்தான் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார்.

1964 மே 27-ல் இறந்தார். மறுநாள் டெல்லியில் யமுனைக் கரையில் மந்திரங்கள் ஓத, சிதைக்குத் தீ வைத்தவர் பேரன் சஞ்சய். அப்போது அவருக்கு 17 வயது. என் வயதுதான்! ஜூன் மாதம் சாம்பலைக் கங்கையில் கரைத்தார்கள், விமானத்திலிருந்தும் தூவினார்கள். செய்யச் சொன்னதையெல்லாம் செய்துவிட்டு, வேண்டாம் என்றதை மட்டும் காதில் வாங்கவில்லை. 17 வருடம் பிரதமராக இருந்தவருக்கே இந்தக் கதி என்றால் எங்கள் தாத்தா எம்மாத்திரம்?

சொத்தைப் பற்றி உயிலில் எழுதினால் கோர்ட்டுக்குப் போகலாம். சடங்கு வேண்டாம் என்று எழுதினால் வாரிசுகள் மனசு வைத்தால்தான் உண்டு. 1973 டிசம்பரில் பெரியார் இறந்தபோது சடங்கில்லாமல் புதைக்க அவருடைய இயக்கமே இருந்தது. 2010-ல் ஜோதி பாசுவின் உடல், அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தபடி, கொல்கத்தாவில் மருத்துவப் படிப்புக்குப் போனது. அங்கேயும் கட்சி கூட நின்றது. நேருவுக்கும் கட்சி இருந்ததே என்பீர்கள். இருந்தது, ஆனால் அந்தக் கட்சியில் சடங்கை நம்புகிறவர்கள்தான் நிறையப் பேர்.

பாட்டியையும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பதினாறு நாளும் படையல், விளக்கு என்று அவருக்கு ஏதோ வேலை இருந்தது. அது முடிந்த பிறகுதான் உட்கார்ந்து அழுதார். தாத்தா சொன்னபடியே செய்திருந்தால் பாட்டி என்ன ஆகியிருப்பார்? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கேட்டது தாத்தா அல்லவா?

போன மாதம் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து உடல்தானப் பாரம் வாங்கி வந்து, அம்மாவிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டேன். "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுடா இது" என்று பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.