செவியருகே ஒலி: திறந்த ஹெட்போனும் எளியோரின் தெரிவும்

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவற்றை வாங்கியோர் யாவர், வாங்க இயலாது நின்றோர் யாவர், எக்காலத்தில் எவ்விலை எவர் கைக்கு எட்டியது என்னும் வினாக்கள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. நல்லிசையைச் செவியருகே கொணரும் ஹெட்போனைப் பொறுத்தவரை இவ்வினாக்களே முதன்மை வாய்ந்தவை. சிறுதொகையுடன் கடைக்குச் செல்லும் தொடக்கநிலைக் கேட்போர் இன்று எதிர்கொள்ளும் ஐயங்கள் இரண்டு. பின்புறம் திறந்த ஹெட்போனை வாங்குவதா, மூடியதை வாங்குவதா? அதனை இயக்கத் தனியான விரியலாக்கி வேண்டுமா, வேண்டாவா? இவ்விரு ஐயங்களும் கடந்த நூற்றாண்டின் தொழினுட்ப வரலாற்றில் வேர்கொண்டவை. அவ்வரலாற்றை அறிந்தவர்க்கு விடை காண்பது கடினமன்று. அறியாதவரின் பணமோ வணிகரின் சொல்வன்மைக்கு எளிதில் இரையாகின்றது.

செவியருகே இசை கேட்டல் தொடக்கத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்தது. 1881 இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்னியற் கண்காட்சியில், கிளெமென் அடேர் என்பார் ஒப்பெரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளை வைத்து, அங்கு எழுந்த இசையைத் தொலைபேசிக் கம்பிகளினூடாகக் கண்காட்சி மண்டபத்துக்குக் கொணர்ந்தார். வலச்செவிக்கொன்றும் இடச்செவிக்கொன்றுமாக இரு கருவிகளைப் பிடித்துக்கொண்டு மக்கள் அதனைக் கேட்டனர். இம்முறை 1890 இல் 'தியேட்ரோபோன்' என்னும் பெயரால் வணிக நிறுவனமாகியது. சந்தா செலுத்த வல்ல குடும்பங்கள் வீட்டிலிருந்தவாறே அரங்கிசையைக் கேட்டன. எழுத்தாளர் மார்செல் புரூஸ்ற் 1911 இல் இதன் சந்தாதாரரானார். வானொலியின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க மாட்டாது 1932 இல் இச்சேவை மறைந்தது.

ஹெட்போனை எளியோரிடம் முதலிற் சேர்த்தது வானொலியே. யூட்டா மாநிலத்தவரான நதானியல் போல்ட்வின் 1910 இல் தமது வீட்டுச் சமையலறையில் ஆக்கிய ஹெட்போனை அமெரிக்கக் கடற்படை ஏற்றுக்கொண்டது. 1920 களில் வானொலி ஒலிபரப்புப் பரவியபோது பளிங்கு வானொலிப் பெட்டிகளோடு இத்தகைய ஹெட்போன்கள் உலகெங்கும் இல்லங்களிற் புகுந்தன. இலங்கையிலும் ஒழுங்கான வானொலிச் சேவை 1925 டிசெம்பர் 16 ஆம் நாள் ஆரம்பமாகியது.

பளிங்குப் பெட்டிக்கு மின்கலமும் இல்லை, விரியலாக்கியும் இல்லை. வான்கம்பி பற்றித் தரும் மிகச் சிறிய ஆற்றலே அதன் முழு முதல். அச்சிறு ஆற்றலை வீணாக்காது ஒலியாக்கும் பொருட்டு, மயிரிழை போன்ற கம்பியைப் பல்லாயிரம் சுற்றுக்களாகச் சுற்றிய சுருள்கள் ஹெட்போனில் அமைக்கப்பட்டன. அதனால் அவற்றின் மின்தடங்கல், அதாவது மாறும் மின்னோட்டத்தை எதிர்த்து நிற்கும் தன்மை, ஆயிரக்கணக்கான ஓம்களாக உயர்ந்தது. ஒரு ஹெட்போனின் மின்தடங்கலை அதன் தரம் தீர்மானிப்பதில்லை. அது எந்த மின்மூலத்தோடு இணையுமென எதிர்பார்க்கப்பட்டதோ அம்மூலமே தீர்மானிக்கின்றது. பின்னாளைய குழப்பங்கள் பலவற்றைத் தீர்க்கும் திறவுகோல் இவ்வுண்மையே.

1937 இல் பேர்லின் நகரில் ஒய்கன் பேயரின் நிறுவனம் டி.ரி. 48 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. ஒலிபெருக்கியைப் போன்று காந்தப்புலத்தில் அசையும் சுருளால் இயங்கிய முதல் ஹெட்போன் இதுவெனக் கூறப்படும். எனினும் இது தொழில்முறையாளரின் கருவியாகவே நெடுங்காலம் விளங்கியது. இசை இரசிகர்க்கெனத் தனியாக ஹெட்போன் ஆக்கிய பெருமை அமெரிக்காவின் மில்வோக்கி நகரைச் சேர்ந்த ஜோன் கொஸ் என்பவரைச் சாரும். ஸ்டீரியோ இசைத்தட்டுக்கள் விற்பனைக்கு வந்த 1958 ஆம் ஆண்டிலேயே அவரது எஸ்.பி. 3 என்னும் ஸ்டீரியோ ஹெட்போனும் வெளிவந்தது. அக்கால ஹெட்போன்கள் பொதுவாகக் காதை மூடுபவை; பாரமானவை. காற்றுக் கசியின் கீழ்ச்சுரங்கள் வலிவிழக்கும் என்பதால் மெத்தைகள் தலையை இறுக அழுத்தின. நீண்டநேரம் அணிந்தோர்க்குச் செவி வெம்மையும் தலைநோவும் எஞ்சின.

இந்நிலையை மாற்றியது 1968 ஆம் ஆண்டு. ஜேர்மனியின் ஹனோவர் நகரருகே 1945 இல் பிரிட்ஸ் சென்ஹைசர் தொடக்கிய நிறுவனம், அவ்வாண்டில் எச்.டி. 414 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. அதன் பின்புறம் மூடப்படவில்லை. மென்சவ்வு அதிரும்போது முன்புறம் செவியை நோக்கி எழும் ஒலியைப் போன்றே பின்புறமும் ஒலி எழுகின்றது. மூடிய கிண்ணத்தில் அப்பின்னொலி சுவர்களில் மோதித் திரும்பி, சில சுரங்களை மிகைப்படுத்தும் பரிவை உண்டாக்கும். திறந்த அமைப்பில் அது வெளியே சென்றுவிடுகின்றது. இசை தலைக்குள் அடைபட்டது போன்ற உணர்வு குறைகின்றது. அறையின் காற்றோட்டம் செவிக்குக் கிட்டுகின்றது. இறுக்கம் தேவையற்றுப் போனதால் மெல்லிய நுரைப்பஞ்சே காதில் தங்கப் போதுமாயிற்று.

இதற்கு முன்னரே யப்பானின் ஸ்டக்ஸ் நிறுவனம் 1960 இல் எஸ்.ஆர். 1 என்னும் நிலைமின் ஹெட்போனை விற்பனைக்கு விட்டிருந்தது. ஆயின் அதன் மென்சவ்வுக்கு உயர் மின்னழுத்தம் வழங்கத் தனியான கருவி வேண்டியிருந்தமையின், அவ்வழி பொருள்வளம் உள்ளோரின் வழியாகவே நீடித்தது. எச்.டி. 414 அத்தகைய துணை எதையும் வேண்டவில்லை. அதன் மின்தடங்கல் 2000 ஓம். அக்கால வால்வு வானொலி, ஒலிப்பதிவுக் கருவி முதலியவற்றின் வெளியீடுகளோடு, அவற்றுக்குப் பாரமாகாது இணையத்தக்கதாக அது வகுக்கப்பட்டது. வீட்டில் இருக்கும் கருவியே அதற்கு விரியலாக்கி. பிற்காலங்களில் ஒரு கோடிக்கு மேல் விற்பனையானதாக நிறுவனம் அறிவித்த இந்த ஹெட்போன், திறந்த அமைப்பு என்பது பிறக்கும்போதே பெருந்தொகை மக்களை நோக்கிப் பிறந்தது என்பதற்குச் சான்றாகும்.

அடுத்த திருப்பம் மின்கலத்தால் வந்தது. 1979 ஜூலை முதலாம் நாள் சோனி நிறுவனம் வோக்மனை யப்பானில் விற்பனைக்கு விட்டது. அதனோடு வந்த ஹெட்போன் ஏறத்தாழ 50 கிராம் எடையே கொண்டது; நுரைப்பஞ்சு பொருந்திய திறந்த வகையைச் சேர்ந்தது. வோக்மனை இயக்கியவை இரண்டு சிறு மின்கலங்கள். மொத்த அழுத்தம் 3 வோல்ற்று. அதிலிருந்து பெறக்கூடிய ஒலிச்சைகையின் பயன்படு அழுத்தம் ஏறத்தாழ 1 வோல்ற்றே. அழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடங்கலால் வகுக்கக் கிடைப்பது வலு. ஆகவே 1 வோல்ற்று அழுத்தம் 2000 ஓம் ஹெட்போனுக்கு அரை மில்லிவாற்று வலுவையே தரும். 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாற்று தரும். சட்டைப்பைக் கருவிகளுக்கான ஹெட்போன்கள் சில பத்து ஓம்களுக்கு இறங்கியமைக்கு இதுவே காரணம். ஒலிபரப்பு நிலையங்களையும் பதிவுக்கூடங்களையும் நோக்கிய ஹெட்போன்களோ 250, 300, 600 ஓம் என உயர்நிலையிலேயே நின்றன. ஒரே மரபு இவ்வாறு இரு கிளையாகப் பிரிந்தது.

இப்பிரிவிலிருந்தே விரியலாக்கிச் சிக்கல் தோன்றியது. 1991 இல் சென்ஹைசர் நிறுவனம் 'ஓர்பியஸ்' என்னும் நிலைமின் ஹெட்போனையும் அதற்குரிய வால்வு விரியலாக்கியையும் 300 தொகுதிகள் மாத்திரம் ஆக்கியது. திறந்த ஹெட்போன் ஆடம்பரப் பொருளாகிய காலம் அது. அதே நிறுவனத்தின் எச்.டி. 600 (1997), எச்.டி. 650 (2003) ஆகியன 300 ஓம் கொண்டவை; கைக்கடக்கமான இசைக்கருவிகள் பல அவற்றுக்குப் போதிய அழுத்தத்தைத் தரவில்லை. வீட்டில் இருந்த பெரிய விரியலாக்கியை விட்டுச் சட்டைப்பைக் கருவிக்கு மாறியோர், ஹெட்போனுக்கென வேறொன்றைத் தேட நேர்ந்தது. தேவை ஒன்று தோன்றியதும், அதனைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் வணிகமும் உடன் தோன்றியது.

அவ்வணிகத்துக்கு எதிர்வினை ஆர்வலரிடமிருந்தே எழுந்தது குறிப்பிடத்தக்கது. 1990 களின் பிற்பகுதியில் சூ மோய் என்பவர் செயற்பாட்டு விரியலாக்கிச் சில்லு ஒன்றையும் 9 வோல்ற்று மின்கலத்தையும் கொண்டு எளிய விரியலாக்கி ஒன்றை வடிவமைத்து, அதன் சுற்றை யாவரும் பயன்படுத்தத் தந்தார். புதினா மிட்டாய்த் தகரப்பெட்டியிலே அதனை அமைத்தோர் பலர். 2011 இல் தம் பெயரை வெளியிடாத பொறியியலாளர் ஒருவர் ஓ 2 என்னும் விரியலாக்கியின் வரைபடத்தையும் அளவீடுகளையும் வெளியிட்டார். பன்மடங்கு விலையுள்ள கருவிகளோடு ஒப்பிட்டு, திரிபின்றி ஒலியைப் பெருக்கப் பெரும்பணம் வேண்டாம் என்பதை அவர் அளந்து காட்டினார். அடுத்த ஆண்டில் அவர் பொதுவெளியிலிருந்து மறைந்தாராயினும் அவரது வாதம் நிலைத்தது. 2018 இல் அப்பிள் நிறுவனம் 9 டொலருக்கு விற்ற சிறு இணைப்புக் கம்பி, இலக்கச் சைகையை ஒலிச்சைகையாக்கி, ஏறத்தாழ 1 வோல்ற்று அளவுக்குத் தந்தது. ஐரோப்பாவில் விற்கப்பட்ட வகையின் வெளியீடு இதனினும் குறைவு.

ஹெட்போனின் விலையும் இதே காலத்தில் இறங்கியது. 1990 களில் அமெரிக்காவின் புரூக்ளினைச் சேர்ந்த கிராடோ நிறுவனம் எஸ்.ஆர். 60 என்னும் திறந்த ஹெட்போனை 69 டொலருக்கு விற்றது. 2016 இல் எச்.டி. 650 இன் மறுவடிவமான எச்.டி. 6 எக்ஸ்.எக்ஸ். 199 டொலருக்கு வந்தது. 2021 இல் சீன நிறுவனமான ஹைபைமன், தளக்காந்த வகையைச் சேர்ந்த எச்.ஈ. 400 எஸ்.ஈ. என்பதை 149 டொலருக்கு வெளியிட்டது.

பின்னிரண்டையும் ஒப்பிடின் விரியலாக்கி பற்றிய ஐயம் தெளிவாகும். நிறுவனங்கள் தரும் அளவின்படி, 300 ஓம் கொண்ட முன்னது 1 வோல்ற்றில் 103 தெசிபெல் ஒலியைத் தருகின்றது. பெரும் இசைக்குழுவின் உச்சத்துக்கென 110 தெசிபெல் வேண்டுமாயின் 2.24 வோல்ற்று தேவை. மின்னோட்டமோ ஏறத்தாழ 7.5 மில்லிஅம்பியர் மாத்திரமே. 25 ஓம் கொண்ட பின்னது 1 மில்லிவாற்றில் 91 தெசிபெல் தருவது. அதே உச்சத்தை எட்ட அதற்கு 1.4 வோல்ற்று போதும். ஆனால் மின்னோட்டம் 56 மில்லிஅம்பியராக வேண்டும். ஒன்று அழுத்தத்தை வேண்டுகின்றது. மற்றையது மின்னோட்டத்தை வேண்டுகின்றது. 300 ஓம் என்றதும் அஞ்சுவதும், 25 ஓம் என்றதும் எக்கருவியிலும் எளிதில் இயங்கும் எனத் துணிவதும் ஒருங்கே தவறாம். மின்தடங்கலையும் உணர்திறனையும் சேர்த்தே நோக்கல் வேண்டும்.

இவற்றிலிருந்து தொடக்கநிலைக் கேட்போர்க்குச் சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, பணத்தின் பெரும்பங்கு ஹெட்போனுக்கே உரியது. ஒரு ஹெட்போனுக்கும் மற்றொன்றுக்கும் இடையே செவி உணரும் வேறுபாடு பெரிது. நன்கு அமைந்த இரு விரியலாக்கிகளுக்கிடையே அது மிகச் சிறிது. இரண்டாவது, கையிலிருக்கும் கருவியோடு முதலில் இணைத்துக் கேட்டு, ஒலியளவு போதாதாயின் மாத்திரமே விரியலாக்கியை நாடலாம். அவ்வாறு நாடும்போது அதன் வெளியீட்டுத் தடங்கல், ஹெட்போனின் மின்தடங்கலில் எட்டிலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. மேற்படின், அதிர்வெண்ணுக்கு ஏற்பத் தடங்கல் மாறும் ஹெட்போன்களில் சுரங்களின் சமநிலை பிறழக்கூடும். மூன்றாவது, மெத்தையும் கம்பியும் மாற்றத்தக்கதாயின் பழைய ஹெட்போனும் நல்ல முதலீடே.

திறந்த அமைப்பின் குறைகளும் மறைக்கத்தக்கன அல்ல. உள்ளொலி வெளியே கேட்கும். வெளியொலி உள்ளே புகும். பலர் உறையும் விடுதி அறையிலும், நூலகத்திலும், பேருந்திலும் அது பயன்தராது. அருகிருப்போர்க்குத் தொல்லையும் தரும். மிகத் தாழ்ந்த சுரங்களின் அதிர்வும் மூடிய வகையில் உள்ள அளவுக்கு இதில் அமைவது அரிது. இரைச்சல் மிக்க சூழலில் ஒலியைக் கூட்டிக் கேட்கும் பழக்கமோ செவிக்கே கேடாகும். வளர்ந்தோர்க்கு வாரத்தில் 40 மணித்தியாலம், 80 தெசிபெல் என்பதே உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த நியமத்தின் எல்லை. மேலே கூறிய 110 தெசிபெல் கணப்பொழுது உச்சத்துக்குரிய கணக்கேயன்றி, தொடர்ந்து கேட்பதற்குரிய அளவன்று.

தியேட்ரோபோனுக்குச் சந்தா செலுத்தியோர் கேட்ட இசையினும் தூய இசை, இன்று ஒரு மாணவர் சேமிக்கக்கூடிய தொகைக்குள் வந்துள்ளது. விலையைக் குறைத்த ஆக்குநருக்கும், தம் அறிவைப் பொதுவாக்கிய ஆர்வலருக்கும் இதில் பங்குண்டு. எனினும் விலை இறங்குவதால் மாத்திரம் ஒரு பொருள் எளியோர் உடைமையாகிவிடாது. எது தேவை, எது தேவையற்றது எனப் பகுத்தறியும் அறிவும் அவர் கைக்கு வருதல் வேண்டும். அவ்வறிவு இல்லாதவிடத்து, குறைந்த விலையில் வாங்கிய ஹெட்போனுக்கு உயர்ந்த விலையில் விரியலாக்கி தேடுவதிலேயே சேமிப்புக் கரையும்; இசையைக் கேட்பதற்கோ பொழுதும் பொருளும் எஞ்சா.